எழுபத்தொன்றுக்கு எந்தக் கால்

1

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதுவது இது. எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்று இன்றைக்கும் எனக்குக் குழப்பம்தான். அடுப்பில் பால் வைத்ததையே மறந்துவிடுகிற வயது ஆகிவிட்டது. ஆகையால் முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாரிடமாவது காட்டித் திருத்தவும் வழியில்லை. என் மகன் ரமேஷ் இங்கே கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். தமிழ் பேசுவான், படிக்கத் தெரியாது. நான் எழுதுவதை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாமா, கோலம் போடறியா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

எழுதச் சொன்னவள் சரோஜா. நம் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுக்கு மலர் போடுகிறார்களாம், வெளியே போய் வாழ்கிறவர்கள் அனுபவம் எழுத வேண்டுமாம். போனில் கூப்பிட்டுச் சொன்னாள்.

"பெங்களூரு என்ன வெளிநாடாடி? ரயில்ல ஏறினா மூணு மணி நேரம்."

"மூணு மணி நேரத்துல வர்ற ஊருக்கு நீ எத்தினி வருஷமா வரல? அப்ப அது வெளிநாடுதான். எழுது."

அவளுடைய மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். அவளும் எழுதுகிறாளாம். அப்படியே பழைய பேச்சு வந்தது. "டிரில் சாரை ஞாபகம் இருக்கா? வலது கையைத் தூக்குன்னு கத்திட்டு, அவரு இடது கையைத் தூக்குவாரே" என்று சொல்லி, மூச்சு வாங்கச் சிரித்தாள்.

உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நாம் அவருக்கு எதிரே வரிசையாக நிற்போம். எதிரே நிற்கிறவரைப் பார்த்துச் செய்தால் குழந்தைகள் கை மாறிவிடும் என்று, அவர் "வலது" என்று சொல்லித் தன் இடது கையைத் தூக்குவார். அது நம் வலது கைக்கு நேராக வரும். கண்ணாடியைப் பார்க்கிற மாதிரி. ஒன்றாம் வகுப்பிலிருந்து அப்படித்தான் பழகினோம். எதிரே நிற்கிறவருக்கு என் வலது பக்கம் இருப்பதுதான் வலது.

சரோஜா சிரித்துக்கொண்டே இருந்தாள்.  போனை வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அது ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2

இப்போது நாங்கள் விவேக் நகரில் இருக்கிறோம். காலை ஏழு மணிக்கு நான் ஓர் ஆபீசில் இருப்பேன். நடந்து போகிற தூரம். தரை துடைப்பது, டீ மெஷினுக்குப் பால் ஊற்றுவது, கப் கழுவுவது என் வேலை. ஆபீசில் எல்லாரும் சின்ன வயசுப் பிள்ளைகள். அவர்கள் வேலை என்ன என்று தெரிந்துகொள்ளவே எனக்கு ஒரு வருஷம் ஆனது.

அமெரிக்காவில் ஓர் ஆட்டம் இருக்கிறது. பேர் ஃபுட்பால், ஆனால் காலால் உதைப்பது எப்போதாவதுதான். இரண்டு முனையும் கூரான பந்து. தலையில் கவசம், தோளில் கவசம், சட்டையில் பெரிதாக ஒரு நம்பர். பக்கத்துக்குப் பதினோரு பேர். பந்தைக் கையில் கொடுத்ததும் இருபத்திரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் முட்டுவார்கள். ஐந்தாறு விநாடிதான். பிறகு நின்று, நடந்து, மறுபடி வரிசை கட்டுவார்கள். அந்த ஐந்தாறு விநாடியைப் பிள்ளைகள் 'பிளே' என்பார்கள். நான் முட்டு என்பேன்.

அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை ஆடியது எங்களுக்குத் திங்கட்கிழமை வந்து சேரும். ஒவ்வொரு முட்டாக நிறுத்தி நிறுத்திப் பார்த்து, யார் எங்கே நின்றான், யாரைத் தடுத்தான், பந்து எத்தனை கஜம் போனது என்று கட்டம் கட்டமாக எழுதுவார்கள். அவர்கள் 'யார்ட்' என்பார்கள். "கஜம்தானே?" என்று நான் கேட்டபோது, "கஜமா? ஆண்ட்டி ஜாக்கெட் துணி எடுக்கறாங்க" என்று ஒரு வாரம் சிரித்தார்கள்.

எழுதுவதோடு முடியாது. இந்த இடத்தில், இத்தனை கஜம் பாக்கி இருக்கும்போது, சராசரியாக எத்தனை புள்ளி கிடைக்கும் என்று ஒவ்வொரு முட்டுக்கும் முன்னால் கம்ப்யூட்டர் ஓர் எண் சொல்லும். முட்டு முடிந்ததும் இன்னோர் எண் சொல்லும். முதல் எண்ணைவிட இரண்டாவது ஏறியிருந்தால் நல்லது, இறங்கியிருந்தால் கெட்டது. அந்த ஏற்ற இறக்கத்தை வருஷம் பூராவும் கூட்டித்தான் ஒரு குழு எப்படி, ஒரு மனிதன் எப்படி என்று முடிவு செய்கிறார்கள். அங்கே இருக்கும் குழுக்காரர்கள் இந்தக் கணக்கை வாங்கிப் படித்துத்தான் அடுத்த வாரம் எங்கே முட்டலாம் என்று தீர்மானிப்பார்களாம்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது ரஷ்மி. கன்னடப் பெண், இங்கே பெங்களூரில் ஆஸ்டின் டவுனில் தமிழர்கள் நடுவில் வளர்ந்ததால் தமிழ் நன்றாகப் பேசுவாள். முதல் நாள் அவள் என்னைப் பார்த்து "கூத்கொள்ளி ஆண்ட்டி" என்றாள். உட்காருங்கள் என்று அர்த்தம். நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் கடைக்காரர் சாமானை நீட்டி "தொகொள்ளி" என்பார், பஸ்ஸில் "கூத்கொள்ளி" என்பார்கள். வாய்க்கு வாய் கொள்ளி கொள்ளி என்கிறார்களே, இவர்கள் வீட்டில் எல்லாம் சாவா என்று பயந்திருக்கிறேன்.

3

வந்த புதிதில் இருந்தது இதே பெங்களூரில், பீன்யாவில். என் வீட்டுக்காரர் அங்கே தகடு அழுத்துகிற பட்டறை ஒன்றில் வேலை செய்தார். ஒருநாள் மெஷின் அவர் வலது கை மேல் இறங்கிவிட்டது. விரல் போகவில்லை. ஆனால் கைக்குள் ஏதோ அறுந்துவிட்டது. கட்டு பிரித்த நான்காம் நாளே வேலைக்குப் போனார். "ஒண்ணுமில்ல, சரியாப் போச்சு" என்று எல்லாரிடமும் சொன்னார்.

மதியச் சாப்பாடு கொண்டுபோகும்போது கம்பி வலைக்கு வெளியே நின்று பார்ப்பேன். தகட்டை வைத்து அழுத்தும்போது ஒன்றும் தெரியாது. பார்க்கிறார்களே என்று பல்லைக் கடித்துச் செய்வார். அழுத்தி முடித்து அடுத்த தகட்டை எடுக்கத் திரும்புவார் பாருங்கள், அப்போது அந்தக் கை யாருடைய கையோ மாதிரி தொங்கும். வேலை செய்யும்போது மனிதன் வலியை மறைத்துவிடுவான். திரும்பும்போது மறைக்க முடியாது. நான் பார்த்துப் படித்த படிப்பு அது ஒன்றுதான்.

ஒருநாள் வாசலில் சூப்பர்வைசர் நின்றிருந்தார். என்னிடம் தமிழில் கேட்டார்.

"என்னம்மா, கோவிந்துக்கு கை எப்படி இருக்கு?"

வெளி ஆட்களிடம் நான் தலை நிமிர்ந்து பேசியதில்லை. அந்த ஊரில் ஒருவர் தமிழில் கேட்டதும் மனசு இளகிவிட்டது.

"சோறு பிசைய முடியல சார். நான் பிசைஞ்சு வெச்சாத்தான் சாப்பிடறாரு."

"அப்படியா. சரிம்மா, பாத்துக்கலாம்."

அடுத்த வாரம் கன்னடத்தில் ஒரு காகிதம் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள். வைத்தியத்துக்கு என்று நினைத்து அவர் இடது கையால் கோணல்மாணலாகத் தமிழில் பேர் எழுதிக் கொடுத்தார். நகலைப் பக்கத்து வீட்டு அம்மாள் படித்துச் சொன்னாள்: "சொந்த இஷ்டத்துல வேலைய விடறேன்னு இருக்கேம்மா."

அதற்குப் பிறகு எத்தனை அலுவலகம், எத்தனை ஜன்னல். மூன்றாம் நம்பர் ஜன்னலில் ஐந்தாம் நம்பருக்குப் போ என்பார்கள். ஐந்தாம் நம்பர்க்காரர் சாப்பிடப் போயிருப்பார். கடைசியில் ஒருவர் காகிதத்தில் விரல் வைத்துக் காட்டினார். "அவரே பிட்டித்தாரல்லம்மா, இல்லி பரெதிதே." நாம் விட்டு என்பதை அவர்கள் பிட்டு என்பார்கள். அவரே விட்டுவிட்டாரே, எழுதியிருக்கிறதே என்றார். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் எனக்கு யாரும் பெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"என் கை விஷயம் இவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று வீட்டுக்காரர் கேட்டார். சொன்னேன்.

"உன்ன யாரு கேட்டாங்க?"

"அவருதான் கேட்டாரு."

 அன்றிலிருந்து அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்து இடது கையால் சாப்பிட்டார். என்னைப் பிசைய விடவில்லை. பந்தியில் ஒருவர் இடது கையால் சாப்பிட்டால் நம் ஊரில் என்ன பேசுவோம் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கு நாங்கள் வராததற்குக் காரணம் அதுதான். பெங்களூர் போய் தலைக்கனம் ஏறிவிட்டது என்று பேசிக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். பேசியவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது. அதனால் இப்போது சொல்லலாம் என்று எழுதுகிறேன்.

4

ஒரு திங்கட்கிழமை ரஷ்மியின் மேஜைக்கு டீ கொண்டுபோனேன். முட்டு முடிந்து ஆட்கள் திரும்பி நடக்கிற இடத்தை அவள் ஓட்டித் தள்ளப் போனாள். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"அந்த அம்பத்தி நாலு போட்டவனுக்கு இடுப்புல ஏதோ ஆயிருக்குது."

"எப்படி ஆண்ட்டி தெரியும்? நல்லாத்தானே ஆடறான்?"

"ஆடும்போது பாக்காதம்மா. திரும்பிப் போறப்போ பாரு."

அவள் பின்னால் ஓட்டிப் பார்த்தாள். இன்னொரு தடவையும் பார்த்தாள். குறிப்பு எழுதுகிற கட்டத்தில் ஏதோ எழுதினாள். இரண்டு வாரம் கழித்து அந்த ஆள் ஆடவில்லை. இடுப்பில் அடி என்று அறிவித்துவிட்டார்கள்.

அதன் பிறகு ரஷ்மி என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினாள். முட்டு முடிந்து ஒவ்வொருவனும் தன் இடத்துக்குத் திரும்பி நடக்க எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ண ஆரம்பித்தார்கள். நேரத்தை அவர்கள் எண்ணினார்கள், எந்தப் பக்கம் என்று நான் சொன்னேன். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. மேனேஜர் பிரசாந்த் சார் கேக் வெட்டினார். எனக்கு ரஷ்மி பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டார்கள்.

"ஆண்ட்டி, உங்களுக்குன்னு ஒரு காலம் வந்துடுச்சு" என்றாள் ரஷ்மி.

"எனக்கு இனிமே என்னம்மா காலம்? எல்லாம் போயாச்சு."

எல்லாரும் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். கம்ப்யூட்டரில் மேலிருந்து கீழே போகிற கட்டத்துக்கு அவர்கள் சொல்கிற பேர் அது. 'ஆண்ட்டி காலம்' என்றே அதற்குப் பெயர் ஆகிவிட்டது. ஒளிப்பானேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் யாரும் என்னைப் பார்த்து, நீ சொன்னது சரி என்று சொன்னதில்லை.

5

எழுபத்தொன்று போட்டவன் பெரிய உருவம். பந்து எறிகிறவனைக் காப்பாற்றுவதுதான் அவன் வேலை. எதிரி ஓடி வந்தால் நடுவில் நின்று தாங்குவான். பந்தை அவன் தொட்டு நான் பார்த்ததில்லை. அவனைப் போன்றவர்களுக்குக் கணக்கில் ஏறி இறங்க எண்ணே கிடையாது என்று ரஷ்மி சொல்வாள். எத்தனை தடவை தோற்றான் என்று மட்டும்தான் எழுதுவார்களாம்.

அவன் முட்டி முடித்து வரும்போது காமிரா அவனுக்கு எதிரே இருந்தது. முகம் எங்களைப் பார்த்தபடி நடந்து வந்தான். ஒரு கால் பட்டதும் படாததுமாக இருந்தது. பார்த்தவுடன் எனக்குப் பீன்யா பட்டறை வாசல் நினைவு வந்தது. அப்போதே எழுந்து போயிருக்க வேண்டும்.

"எந்தக் கால் ஆண்ட்டி?"

எங்கள் மேஜைக்கு வலது பக்கம் ஜன்னல். அவன் நொண்டியது ஜன்னல் பக்கத்துக் கால்.

"வலதும்மா" என்றேன். அவள் வலது என்று எழுதினாள்.

இரண்டு வாரம் கழித்து அவனுடைய குழு இன்னொரு குழுவோடு ஆடியது. அந்தக் குழு எங்கள் கணக்கை வாங்குகிற குழு. ரஷ்மி என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போய் உட்கார வைத்தாள்.

"பாருங்க ஆண்ட்டி, உங்க காலத்தைப் படிச்சிருக்காங்க. ஒவ்வொரு தடவையும் அவன் ரைட் சைடுலதான் வர்றாங்க."

வந்தார்கள். முட்டுக்கு முட்டு அவன் அந்தப் பக்கமே சாய்ந்து தாங்க வேண்டியிருந்தது. ஆட்டம் பாதி தாண்டிய பிறகு ஒரு முட்டில் நான்கைந்து பேர் குவியலாக விழுந்தார்கள். எல்லாரும் எழுந்தார்கள். அவன் எழவில்லை.

சின்ன வண்டி ஒன்று வந்தது. அவனைச் சுற்றி ஆட்கள். ஒரு காலை எதையோ வைத்துக் கட்டினார்கள். எதிரே முட்டியவர்கள்கூட ஒற்றை முழங்காலில் உட்கார்ந்து தலை குனிந்திருந்தார்கள்.  பிறகு ரஷ்மி மௌஸைப் பிடித்தாள். அந்த முட்டுக்கும் எழுதத்தான் வேண்டும். பந்து பின்னால் போயிருந்தது, அதனால் எதிர்க் குழுவுக்கு எண் நன்றாக ஏறியது. எழுபத்தொன்றின் பேரில் ஒரு தோல்வி. விழுந்ததற்குத் தனியாக ஓர் எழுத்து. அவ்வளவுதான். அடுத்த முட்டு.

6

அதற்குப் பிறகு நான் எல்லாரையும் நன்றாக நடக்கிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தேன்.

"இவன்?"

"நல்லாத்தான் நடக்கறாம்மா."

"இவன் ஆண்ட்டி? பத்து விநாடி எடுத்துக்கறானே?"

"மெதுவா நடக்கறான். அது அவன் சுபாவம்."

ரஷ்மி என் முகத்தைப் பார்ப்பாள், பிறகு நான் சொன்னதையே எழுதுவாள். ஒரு மாதத்தில் பிரசாந்த் சார், "ஆண்ட்டிக்குக் கண் டாக்டரைப் பாக்கணும் போல" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நாற்காலி போனது. துடைப்பம் திரும்பி வந்தது. நான் நன்றாக நடக்கிறான் என்று சொன்னவர்களில் எத்தனை பேர் அந்தக் காலோடு மேலும் மேலும் முட்டினார்களோ, அதுவும் எனக்குத் தெரியாது.

இதையெல்லாம் நான் ஒருமாதிரி விழுங்கியிருந்தேன். நான் சொல்லாவிட்டாலும் வேறு யாராவது கண்டுபிடித்திருப்பார்கள், அடிபட்ட காலோடு ஆடினால் விழத்தான் செய்வான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சரோஜா கூப்பிட்டு டிரில் சாரை நினைவுபடுத்தினாள்.

முகம் எங்களைப் பார்த்து நடந்து வந்தவனுக்கு, என் வலது பக்கம் இருந்த கால் அவனுடைய இடது கால். நான் சொன்னது தப்பு. அவனுக்கு வலித்தது இடது. கணக்கில் ஏறியது வலது. அவர்கள் வந்து வந்து முட்டியது அவனுடைய நல்ல கால் பக்கம்.

மறுநாள் காலை ரஷ்மியிடம் போனேன். வீடியோவைக் காட்டச் சொன்னேன்.

"சீசன் முடிஞ்சிடுச்சு ஆண்ட்டி. வீடியோ எல்லாம் அவங்க லாக் பண்ணிட்டாங்க. எங்ககிட்ட எழுதினது மட்டும்தான் இருக்கு."

"கட்டினாங்களே, எந்தக் கால்னு எழுதினியா?"

"அதுக்குக் காலம் இல்ல ஆண்ட்டி." பிறகு சொன்னாள்: "நான் பாக்கவும் இல்ல. கண்ணை மூடிக்கிட்டேன்."

நான் மூடவில்லை. கட்டிய கால் ஜன்னல் பக்கம் இருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் அப்போது அவன் முகம் எங்கள் பக்கம் இருந்ததா, அந்தப் பக்கம் இருந்ததா என்று நினைவில்லை. நடுவில் ஆட்களின் முதுகு.

அடுத்த சீசனுக்கு அந்தக் கட்டமும் இல்லையாம். ஆட்டக்காரர்களின் தோள் கவசத்துக்குள் சின்னதாக ஒன்றை வைத்திருக்கிறார்கள், அதுவே நடையை எண்ணிவிடுமாம். ரஷ்மியையும் இன்னும் சிலரையும் அடுத்த மாதத்திலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கடைசி நாளுக்கு முன்பே எல்லாரிடமும் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். நான் கப் எடுக்கிற சாக்கில் அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"சொந்த இஷ்டத்துலன்னு எழுதியிருக்காம்மா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமா ஆண்ட்டி?"

ரமேஷிடமும் கேட்டேன். போனில் தேடினால் கிடைக்கும் என்கிறார்களே, அவனுக்கு எந்தக் கால் என்று பார்த்துச் சொல்லப்பா என்றேன்.

"அமெரிக்காக்காரன் கால் உடைஞ்சா உனக்கு இன்னாமா? அவனாச்சும் விழற வரைக்கும் வேலை செஞ்சான். எங்கப்பா மாதிரி சொந்தமா விட்டுட்டு வந்து மூலைல உக்காரல."

அப்பாவுக்கு வேலை எப்படிப் போனது என்று அவனிடம் நான் சொன்னதே இல்லை. அப்போது சின்னப் பிள்ளை. பெரியவனான பிறகு, அந்தக் கன்னடக் காகிதத்தை டிரங்குப் பெட்டியில் பார்த்து அவனே படித்திருக்கிறான். எனக்குப் படிக்கத் தெரியாததை அவன் படித்தான். அதில் இருப்பதை நம்பிவிட்டான். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். உன்ன யாரு கேட்டாங்க என்ற குரல்தான் காதில் வந்தது.

7

சரோஜா, இந்தக் கடைசிப் பகுதி உனக்கும் உன் மகளுக்கும். மலரில் போட்டாலும் சரி, வெட்டிவிட்டாலும் சரி.

அந்த ஆளின் பேரையும் குழுவின் பேரையும் ரஷ்மி தனித்தாளில் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தாள். இதோடு வைத்திருக்கிறேன். அதை அச்சில் போடக் கூடாது. உன் மகளை அங்கே பார்க்கச் சொல். நான் எழுதியதில் வேறு எது தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, கஜம், விநாடி, எண் எல்லாவற்றையும் யாராவது திருத்திக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். அவனுக்கு உடைந்தது எந்தக் கால்?

இடது என்றால், அது முன்பே அடிபட்ட கால். நான் வாய் திறக்காவிட்டாலும் அது போயிருக்கும். வலது என்றால், அது நல்லபடியாக இருந்த கால். நான் சொன்னதால்தான் அந்தப் பக்கம் போனார்கள்.

எதுவானாலும் உள்ளதை எழுது. எனக்காக மாற்றி எழுதாதே. அவன் இப்போது நடக்கிறானா என்றும் பார்க்கச் சொல். போகும்போது பார்த்தால் தெரியாது, திரும்பி வரும்போது பார்க்க வேண்டும்.

படம் ஏதாவது கிடைத்தால், உன் மகளிடம் இதை மட்டும் மறக்காமல் சொல். அவன் முகம் நம்மைப் பார்த்து இருந்தால், நம் வலது பக்கம் இருப்பது அவனுடைய இடது. அவளும் நம் பள்ளிக்கூடத்தில்தானே படித்தாள். டிரில் சார் காட்டியபடி பார்க்க வேண்டாம் என்று சொல்.